பத்து மணிக்கு ஒப்படைக்க வேண்டும்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: எங்களைச் சமரசம் பேச வைக்க நீதிமன்றம் நியமித்த வக்கீலம்மா, என் வக்கீல், என் மனைவியின் வக்கீல், என் மனைவி, அவளுடைய அண்ணன், நான். ஏழு வயது மகள் பக்கத்து அறையில் பொம்மைகளோடு இருந்தாள். அவளையும் சேர்த்தால் ஏழு பேர். சேர்க்கத்தான் வேண்டும், பேச்செல்லாம் அவளைப் பற்றித்தானே.

மனைவி என்று இப்போதும் எழுதலாமா என்று ஒரு சந்தேகம். வழக்கு முடியும்வரை எழுதலாம் என்றார் என் வக்கீல். அதையும் கேட்டு வைத்திருந்தேன்.

நான் அப்படித்தான். கேஸ் அடுப்பை மூடினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். "மழ பெய்யாதப்பமும் குடைய விரிச்சிட்டு நிப்பிய" என்பாள் அவள், நாங்கள் ஒன்றாக இருந்த காலத்தில். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஓட்டல் வேலைக்கு வந்தவன் நான். இப்போது கழக்கூட்டத்தில் பரோட்டா மாஸ்டர். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் சனி, ஞாயிறு ஊருக்குப் போய்விடுவதால் அந்த இரண்டு நாளும் கடையில் ஈ ஓட்டுவோம். முதலாளி எனக்கு லீவு கொடுப்பதும் அப்போதுதான்.

அதனால், பிரிந்த பிறகு வந்த முதல் உத்தரவு எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மகள் தாயிடம் இருப்பாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளை என்னிடம் ஒப்படைக்க வேண்டும், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நான் திரும்பக் கொண்டுவிட வேண்டும். இங்கிலீஷில் இரண்டு பக்கம். வக்கீல் சொன்னார், கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள். பத்து மணி என்பது எல்லாருக்கும் நல்ல நேரமாகத்தான் தெரிந்தது.

அவளும் மகளும் இருப்பது நகருக்குள் பழவங்காடியில், மச்சான் வீட்டில். கீழே அவருடைய தேங்காய்க் கடை. பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க வருகிறவர்கள் வாங்கும் கடைகளில் ஒன்று. பக்கவாட்டில் மாடிப்படி, மேலே வீடு. நெடுஞ்சாலை நெரிசலுக்குப் பயந்து நான் சனிக்கிழமை ஒன்பதேகாலுக்கே வந்து படிக்கு எதிரில் நிற்பேன். மணி பத்தாகும். மேலே கதவு திறக்காது. பத்தேகால். போன் அடித்தால் எடுக்க மாட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சலோ, குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாளோ, அப்பாவிடம் போகாதே என்று சொல்லிக் கொடுக்கிறார்களோ என்று மனசு எங்கெல்லாமோ போகும். பத்தரை தாண்டியதும் ஒன்றுமே நடக்காதது போல மகள் முதுகில் பையோடு இறங்கி வருவாள். அதற்குள் நான் கத்தி முடித்திருப்பேன்.

ஒருநாள் படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். தட்டினேன் என்று நான் சொல்கிறேன், உடைத்தேன் என்று மச்சான் சொல்கிறார். கூட்டம் கூடிவிட்டது. அதை வைத்து அவர்கள் மனுப் போட்டார்கள்: தகப்பன் ரகளை செய்கிறான், இனிப் பிள்ளையை இரவு தங்க அனுப்ப முடியாது, மாதம் ஒருமுறை நீதிமன்ற அறையில் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளட்டும். நானும் ஒரு மனுப் போட்டேன். ஞாயிறு ஐந்து மணிக்கு மகளை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்று பார்ப்பேன். அவளை வீட்டுக்குள் விடாமல், ஆறு மணி வரை கடையில் தேங்காய்ச் சாக்கின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு வாரம் அல்ல, எல்லா வாரமும். என்னிடம் வந்ததற்குத் தண்டனை என்று நினைத்தேன். என் வக்கீல் அதை அப்படியே எழுதினார்.

அந்த இரண்டு மனுக்களையும் முன்னால் வைத்துக்கொண்டுதான் வக்கீலம்மா உட்கார்ந்திருந்தார். என் வயிற்றின் மேல் கால் போட்டுத்தான் மகள் தூங்குவாள். அவர்கள் மனு ஜெயித்தால் அந்த ஒரு ராத்திரியும் போய்விடும்.

வக்கீலம்மாவுக்கு மலையாளம் கலந்த தமிழ். "யார் தப்புன்னு எனிக்கு வேண்டா, கேட்டோ. சண்டை எப்போ தொடங்கும், அது மட்டும் பறயுங்க."

"பத்து மணிக்கு," என்றேன்.

"ஒரு வாரமெங்கிலும் பத்துக்கு வந்தாளா?"

"இல்ல மேடம். பத்தரைக்கு முன்ன வந்ததே இல்ல."

அவர் என் மனைவி பக்கம் திரும்பினார். "அது எந்தா, எப்போழும் பத்தரை? ஒருநாள் பத்து பத்து, ஒருநாள் பதினொண்ணு, அப்படீன்னா மனசிலாகும்."

மச்சான்தான் வாயைத் திறந்தார். "சனிக்கிழம ஒம்பதுல இருந்து பத்தர என்ன நேரம்னு காலண்டர் பாத்தா தெரியாதா? ராகுகாலம். அந்நேரம் நான் கடையே தெறக்க மாட்டேன். பொம்பளப் பிள்ளைய எப்பிடிப் படியிறக்கி விட?"

"ஞாயித்துக்கிழம?" என்று நான் கேட்டேன்.

"நாலரையில இருந்து ஆறு," என்றாள் அவள். "நீங்க அஞ்சுக்குக் கொண்டாந்து விட்டா, ஆறு வர வீட்டுக்குள்ள எப்பிடி ஏத்த? அதான் கடையில இருத்தி வச்சேன். பிள்ளைக்கு வடையும் டீயும் வாங்கிக் குடுத்துட்டு நானும் பக்கத்துலதான் இருந்தேன். அது உங்க கண்ணுல படலியா?"

படவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் கடைக்குள் பாதிதான் தெரியும்.

என் வக்கீல் சிரித்துவிட்டார். வக்கீலம்மா சிரிக்கவில்லை. "இதை முதல்லயே பறஞ்ஞிருக்கலாமே மோளே?"

"இவங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. கோர்ட்டுல எல்லாரும் படிச்சவங்க. சொன்னா சிரிப்பாங்கன்னு இருந்தேன்." அவள் என் வக்கீலைப் பார்த்தாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு வேறெங்கோ பார்த்தார்.

கல்யாணமாகி எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். எங்கே கிளம்பினாலும் அவள் நாள்காட்டித் தாளைப் போய்ப் பார்ப்பாள். தேதி பார்க்கிறாள் என்றே நினைத்திருந்தேன்.

வக்கீலம்மா பழைய உத்தரவைக் கவிழ்த்து வைத்தார். "கோர்ட்டுல ராகுகாலம்னு எழுதண்டா. அந்தச் சண்டை வேறயா வரும். மணி மாத்தி எழுதினா போதும். ஒண்ணு ஒம்பதுக்கு முன்ன, இல்லேன்னா பத்தரைக்கு அப்புறம். எது?"

மச்சான் முந்திக்கொண்டார். "பத்தே முக்காலுக்கு வரட்டும். மாப்ள ராத்திரி ஒரு மணி வர பரோட்டா அடிக்கிற ஆளு. காலம்பற எங்க எந்திரிப்பாரு?"

எனக்குப் பயம் வந்தது. முக்கால் மணி நேரம் போகிறதே என்று இல்லை. இதை மறுத்தால் திரும்பவும் ரகளைக்காரன் ஆவேனே என்றுதான். சரி என்று தலையாட்டப் போனேன்.

"எட்டரைக்கே வரட்டும் அண்ணே," என்றாள் அவள். "எட்டரைன்னு சொன்னா இவங்க ஏழரைக்கே வந்து நிப்பாங்க. எனக்குத் தெரியாதா?"

எட்டரை என்று எழுதப்பட்டது. ஞாயிறு மாலை ஆறேகால் என்று எழுதப்பட்டது. நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றேகால். என் பிள்ளையோடு எனக்குக் கூடுதலாகக் கிடைத்திருந்தது. யாராவது கவனித்துத் திரும்ப வாங்கிவிடுவார்களோ என்று கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு வக்கீலம்மா ஒவ்வொரு வரியாக வாசித்து, இது நடக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் போல நான் ஆரம்பித்தேன். பஸ் வழியில் நின்றுபோனால்? ஹர்த்தால் என்றால்? மகளுக்குக் காய்ச்சல் என்றால்? போனில் சார்ஜ் இல்லை என்றால்? அவளுடைய வக்கீல் பெருமூச்சு விட்டார்.

"அண்ணாச்சியோட பேடியெல்லாம், பயமெல்லாம் இங்கே இறக்கி வைக்கட்டும்," என்றார் வக்கீலம்மா. "இங்கே பேடிச்சா அங்கே தெருவுல பேடிக்க வேண்டா."

பஸ் தாமதமானால் தந்தை போன் செய்ய வேண்டும். ஒன்பதுக்குள் வர முடியாவிட்டால் பத்தரைக்கு மேல் வர வேண்டும். போனை எடுக்காததைப் பிள்ளையைத் தர மறுத்ததாகக் கொள்ளக் கூடாது. ஹர்த்தால் என்றால் அடுத்த நாள் காலை எட்டரை. காய்ச்சல் என்றால் தந்தை வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பார்க்கலாம். தாயே பிள்ளையைக் கீழே அழைத்து வர வேண்டும். படியில் வேறு யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இதை வாசித்தபோது மச்சான் தாடையைச் சொறிந்தார்.

முடிந்துவிட்டது என்று எல்லாரும் காகிதத்தை அடுக்கும்போது அவள் கேட்டாள்: "ஆற்றுக்கால் அம்மன் கோயில் பொங்காலைக்கு முந்தின நாளே ரோட்டையெல்லாம் அடைப்பாங்களே, அது சனிக்கிழமையா வந்தா?"

நான் அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். "உங்க பயம் எனக்கும் ஒட்டிக்கிட்டு," என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொங்காலைக்கும் ஒரு வரி எழுதினார்கள்.

இரண்டு மனுக்களும் வாபஸ் ஆயின. உத்தரவு வந்த அடுத்த சனிக்கிழமை நான் ஏழு இருபதுக்குப் பழவங்காடியில் இருந்தேன். எட்டரைக்குக் கதவு திறந்தது. அவள் மகளின் கையைப் பிடித்து இறங்கி வந்து, "மதியம் தயிர் குடுக்காதீங்க, சளி இருக்கு," என்றாள். நான் தலையாட்டினேன். ரகளை இல்லை. பக்கத்துப் பூக்கடைக்காரர் வேடிக்கை பார்க்க நின்று ஏமாந்து போனார்.

"மாமா, ஒரு தேங்கா," என்றாள் மகள். கோயில் முன்னால் போய் உடைத்துவிட்டு வருவாளாம். மச்சான் ஒன்றைத் தட்டிப் பார்த்துக் கொடுத்தார். நான் செருப்போடு தள்ளி நின்றேன். அவள் இரண்டு கையாலும் தூக்கி ஓங்கி அடித்தாள். முதல் அடியிலேயே சிதறியது.

தேங்காய்க்கு ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.

"காலம்பறயே ஐநூறுக்குச் சில்லறைக்கு எங்க போவேன் மாப்ள? அடுத்த சனிக்கிழம தா."

அடுத்த சனிக்கிழமை, அதற்கடுத்தது, அப்புறம் மழை நாள் ஒன்று, ஹர்த்தால் ஒன்று. எல்லா வாரமும் சில்லறையாகவே கொண்டு போகிறேன். பிறகு பார்க்கலாம் என்று கையை ஆட்டிவிடுகிறார். கடன் வைத்தால் தூக்கம் வராத ஆள் நான். ஆனாலும் இதை வைத்திருக்கிறேன். மச்சானுக்கு நான் இன்னும் தர வேண்டியது நாற்பது ரூபாய்.