ஜெனரல் கற்ற தமிழ்

டென்மார்க்கின் ஸ்கீவ நகரப் பேருந்து நிலையத்தில் காற்று காதை அறுக்கிறது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் சக்கர நாற்காலியைப் பிடித்தபடி நிற்கிறார். அதில் கம்பளிக்குள் ஒரு வெளிநாட்டுக் கிழவர். தன் நாட்டை மற்ற ஜெனரல்களோடு சேர்ந்து ஆண்டவராம். ஆட்சி கவிழ்ந்ததும் இவரும் அகதியாக இங்கே வந்துவிட்டாராம்.

"உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?" என்கிறேன்.

"இவற்ர ஆமி உடுப்புப் படத்தைக் கண்ட முதல் நாள் அறை வாசலிலயே நிண்டிட்டன், தம்பி. ஊரில ஆமியைக் கண்டு ஓடின ஆள் நான். இப்ப குளிப்பாட்டப் போனா இவர் என்னைக் கண்டு ஒளிக்கிறார்!"

பேருந்து வருகிறது. அக்கா குல்லாவை எடுக்கிறார்.

"அப்பு, தொப்பியைப் போடுவமே?"

ஒரு நாட்டுக்கே உத்தரவு போட்டவர் தலையைக் குனிந்து கொடுக்கிறார். தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லால், அக்காவின் ஊர்ப் பேச்சிலேயே, சம்மதம் சொல்கிறார்:

"ஓம்."