கம்பி கொடுக்காத ஸ்பீக்கர்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருடமாகத் தம்போய் என்கிற ஊரில் காருக்குப் பாட்டுச் சாமான் பொருத்துகிறேன். எங்கே சத்தம் வந்தாலும் அதற்கு ஒரு கம்பி இருக்கும், கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால் காரணம் அகப்பட்டுவிடும். இது ஒன்றுக்குத்தான் அகப்படவில்லை. நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

போன வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும், நல்ல மழை. பொந்தியானிலிருந்து கோமதி என்று ஒரு பெண் பழைய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தாள். முப்பது வயது இருக்கும், தையல் வேலையாம். பின்கதவு இரண்டுக்கும் புது ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் ஒரு சப்வூஃபர் வேண்டும் என்றாள். நான் ஏதோ கேட்டேன், அவள் என் உதட்டையே பார்த்தாள்.

"மெதுவா பேசுங்கண்ணே. எனக்குக் காது கேக்காது. பத்தொம்பது வயசுல காய்ச்சல் வந்து போயிருச்சு."

காது கேட்காதவளுக்குப் பாட்டு எதற்கு என்று நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"கார்ல தனியா வரப்ப வெறிச்சுன்னு இருக்குண்ணே. சீட்டு அதிர்ந்தா யாரோ கூட வர மாதிரி இருக்கும் லா."

ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துப் படம் போட்டுக் காட்டினேன். முன்னால் இருக்கிற பிளேயர் பாட்டைச் சின்ன மின்சாரமாக அனுப்பும், ஆம்ப் அதைப் பெரிதாக்கும். ஸ்பீக்கருக்குள் காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருள், மின்சாரம் வந்ததும் அது முன்னும் பின்னும் ஆடும், அதோடு ஒட்டியிருக்கிற கூம்பு காற்றைத் தள்ளும், அவ்வளவுதான் சத்தம் என்பது. சப்வூஃபர் கனத்த சத்தத்துக்கு, அது காதைவிட உடம்புக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"அப்ப எல்லாமே அசைவுதான்," என்றாள். காது கேட்கிற எந்த வாடிக்கையாளரும் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை.

பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் நான் எந்த வேலையையும் தொடங்குவேன், அன்றும் அப்படித்தான். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஸ்பீக்கரை இடது பின்கதவில் வைத்துத் திருகினேன். கம்பி இன்னும் கொடுக்கவில்லை. கோமதி பின்சீட்டில் உட்கார்ந்து கதவில் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"போட்டுட்டீங்களாண்ணே? தட்டுதே."

"இன்னும் இல்லமா. கரண்டே இல்ல."

"இல்லண்ணே, தட்டுது. கைய வெச்சுப் பாருங்க."

வைத்தேன். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒன்று. மறுபடியும் அதேபோல.

மழையாக இருக்கும், தெருவில் போகிற லாரியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்றாடியை நிறுத்திப் பார்த்தேன். கடைசியில் ஸ்பீக்கரையே கழற்றி, மேசைமேல் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தேன். கூம்பில் நானும், இறங்கி வந்த கோமதியும் விரலை வைத்தோம். இரண்டு, இடைவெளி, ஒன்று.

என் மனைவி செல்வியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கீழே கடை, மேலே வீடு. நான் காருக்குள் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் தொண்டை கிழியக் கத்தினாலும் எனக்குக் கேட்காது. அதனால் கார்க்கூரையில் தட்டுவாள், சாப்பிட வா என்று. அந்தத் தட்டுதான் இது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் நான் புது சப்வூஃபர் ஒன்றைச் சோதித்துவிட்டு மேலே போனபோது அவள் படியில் விழுந்து கிடந்தாள். நெஞ்சுவலி, உயிர் போயிருந்தது. என்னைக் கூப்பிட்டாளா, சுவரையாவது தட்டினாளா, எனக்குத் தெரியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அன்றைக்கு வந்த கோமதிக்கு எப்படித் தெரியும்?

மின்சாரம் வந்தால் ஊசி அசைந்து காட்டுகிற பழைய மீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது, அதை எடுத்து ஸ்பீக்கரில் மாட்டினேன். தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஸ்பீக்கரே மைக்காகவும் வேலை செய்யும். கூம்பை யாராவது அசைத்தால் அதிலிருந்து மின்சாரம் வெளியே வரும். நாங்கள் இருவரும் கையை எடுத்துவிட்டோம். ஊசி துடித்தது. இரண்டு, இடைவெளி, ஒன்று. உள்ளே போக எதுவும் இல்லை, வெளியேதான் வந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் யாரோ அந்தக் கூம்பைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோமதி ஊசியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"யாருண்ணே அது? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

எனக்கு ஏன் அப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பயமா, ஒரு புது ஆளின் முன்னால் வெட்கமா. ஊசி இரண்டு முறை துடித்து இடைவெளியில் நின்றிருந்த நேரம் அது. அவள் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு எழுத்தாக, உரக்கச் சொன்னேன்:

"தெரியாதுமா. யாருன்னே தெரியாது."

மூன்றாவது தட்டுக்காக இருவரும் ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றோம். மழை விட்டது. தட்டு வரவில்லை.

அவளுக்கு வேறு ஸ்பீக்கர் பொருத்தி அனுப்பினேன். போகும்போது சீட்டு அதிர்கிறது என்று சிரித்துக்கொண்டே கை காட்டிவிட்டுப் போனாள். தட்டு வந்த ஸ்பீக்கர் மேலே வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, மீட்டரை இன்னும் கழற்றவில்லை. தினமும் சாப்பிட உட்காரும்போது அதன் முன்னால் குனிந்து, செல்வி, நான்தான், என்று சொல்கிறேன். என் குரலுக்கு ஊசி கொஞ்சம் ஆடும், பிறகு நின்றுவிடும். அன்றைக்கு நான் தெரியாது என்று சொன்னதுகூட அதற்குக் கேட்டிருக்கும்தானே?