ஈரத் தலையோடு எழுந்து வந்தேன்

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் நுழைந்தேன். உள்ளே மேல் வீட்டு ஷைனி நின்றிருந்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். கதவு மூடுவதற்குள் எட்டி, வாசலில் கொளுத்திக்கொண்டிருந்த வெயிலையும் ஒரு தரம் பார்த்தாள்.

"வெளியில மழையா சேச்சி?"

மழை இல்லை... பார்லர்.

ஓணத்துக்குக் கொஞ்சம் முன்பு நடந்தது இது. ஆனால் போன வாரம்தான் முடிந்தது. அதனால்தான் இத்தனை நாள் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பார்லர் உண்டு. வந்த புதிதில் அது சாதாரண இடமாக இருந்தது. போனால் முடி வெட்டுவார்கள், காசு வாங்குவார்கள், அனுப்பிவிடுவார்கள். பிறகு பெயர்ப் பலகை மாறியது. பாட்டு மெல்லிசானது. விளக்கு மங்கலானது. ரேட் மட்டும் பிரகாசமாக ஏறிக்கொண்டே போனது. சுற்றிலும் ஐ.டி. கம்பெனிகள், கை நிறையச் சம்பளம்... யாராவது கேள்வி கேட்பார்களா? நானும் கேட்கவில்லை. நானும் அங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்தவர் கணக்கையெல்லாம் நோண்டுகிறவள், என் தலைக்கு என்ன செலவாகிறது என்று பார்த்ததே இல்லை.

அன்றைக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்று. நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட வேண்டும். அவ்வளவுதான்.

வெட்டுவதற்கு முன் ஷாம்பூ கட்டாயம் என்றார்கள். சரி. அது தனிக் கட்டணம் என்றார்கள். சரி... ஷாம்பூ போட்டு அலசிய பிறகு, வெள்ளை கோட் போட்ட ஒரு பெண் வந்து என் முடியை விரலால் தூக்கிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு துக்கம். இந்த நிலையில் வெறுமனே வெட்டினால் முடி தாங்காதாம். முதலில் ஸ்பா, அதற்குப் பிறகு ஏதோ ட்ரீட்மெண்ட், அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல். மலையாளமும் ஆங்கிலமும் கலந்து அவர் விளக்கிய விதத்தைக் கேட்டால், நான் ஐ.சி.யூ.வில் படுத்திருக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு சாலை பஜாரில் என் வீட்டுக்காரர் வைத்திருக்கும் ஹார்ட்வேர் கடையில் நல்ல ட்ரில்லிங் மெஷின் ஒன்று வாங்கலாம். பில்லோடு.

வெட்ட மட்டும் முடியுமா என்றேன். அது பாலிஸியில் இல்லை என்றார்.

எழுந்தேன். கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டேன். அலசியதற்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, எல்லோரும் பார்க்கப் பார்க்க நடந்து வெளியே வந்தேன். இந்த வயதில் ஒரு இடத்திலிருந்து பாதியில் எழுந்து வருவது என்ன சுகம் தெரியுமா? அது எந்த ஸ்பாவிலும் கிடைக்காது.

ஷைனியிடம் லிஃப்டிலேயே இதைச் சொல்லி முடித்துவிட்டேன். ஷைனி எல்லையோரப் பாறசாலைக்காரி, ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் வரும். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் வளைகுடாவில். இரண்டு பெண் குழந்தைகளோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். பார்லர் பக்கம் போய் வருஷக்கணக்காகிறது, பிள்ளைகளுக்கும் தனக்கும் தானே வெட்டிக்கொள்வதாகச் சொன்னாள். தலை காய்வதற்குள் கத்தரிக்கோலோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

பால்கனியில் பழைய பேப்பரை விரித்து, டைனிங் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் இடது பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது. அதைச் சரிக்கட்ட வலது பக்கம். பிறகு மறுபடி இடது பக்கம்... தோளுக்குக் கீழே கிடந்த முடி கழுத்தளவுக்கு வந்து நின்றது. கண்ணாடியைப் பார்த்ததும் பகீரென்றது, பொய் சொல்லமாட்டேன். ஷைனி நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு பால்கனிக் கதவு திறந்தது.

திங்கட்கிழமை ஆபீஸில், எந்தப் பார்லர் என்று இரண்டு பேர் விசாரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். அதற்கடுத்து அவளுடைய தங்கை. பிறகு எதிர் பிளாக்கிலிருந்து ஒரு ரிட்டயர்ட் பாங்க் மானேஜர், 'பெண்களுக்கு மட்டும்தானா' என்று தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டு வந்தார். என் பால்கனி ஞாயிறு காலைகளில் கலகலவென்று ஆனது. ஒருத்தர் வெட்டிக்கொள்ள, நாலு பேர் டீ குடித்துக்கொண்டு கருத்துச் சொல்வோம். காசு கொடுக்க வந்தவர்களிடம் ஷைனி வாங்கவே இல்லை. வாங்கினால் அதுவும் ஒரு டியூட்டி ஆகிவிடும், இருக்கிற டியூட்டி போதும் என்பாள். யாராவது நேந்திரம்பழ சிப்ஸ் கொண்டுவந்தால் மட்டும் மறுப்பதில்லை.

இப்படி நாலு பேர் சந்தோஷமாக இருந்தால் யாருக்காவது பொறுக்குமா?

ஒரு நாள் ஆபீஸ் முடிந்து வருகிறேன், ஷைனி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. என்ன என்று கேட்டதும் குரல் உடைந்தது. மஸ்கட்டிலிருந்து அவளுடைய வீட்டு ஓனர் கூப்பிட்டிருக்கிறார். ஃபிளாட்டில் அனுமதியில்லாமல் பார்லர் நடத்துவதாக அசோசியேஷன் செக்ரட்டரி அவருக்குப் புகார் சொல்லிவிட்டாராம். வேறு வீடு பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

"நான் ஒழிஞ்சு போறேன் சேச்சி. எனக்கு வேண்டி நீங்க யாரும் வழக்கு கூட வேண்டாம்."

அவள் 'ஒழிஞ்சு' என்றது வீட்டைக் காலி செய்வதை, 'வழக்கு' என்றது சண்டையை. கோர்ட் வழக்கே போடலாம் போலத்தான் எனக்கு இருந்தது. குழந்தைகளின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில். அவளுக்கு ஷிஃப்ட் வேலை. அவள் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் கதவைத் தட்ட, தெரிந்த முகங்கள் இருப்பது இந்தக் கட்டடத்தில்தான். நாற்காலி என்னுடையது, பால்கனி என்னுடையது, பாதியில் எழுந்து வந்த கோபமும் என்னுடையது. வீடு மட்டும் அவளுக்குப் போக வேண்டுமா?

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் சாலை பஜாரில் கடை வைத்திருப்பவர். யாரிடமும் முறைத்துக்கொள்ள மாட்டார்.

"உனக்கு எதுக்குட்டி இந்த வேலை? நாளைக்கு பைப்பு பொட்டிச்சுன்னா செக்ரட்டரிட்டதான போயி நிக்கணும். நீ தலையிடாத."

தலையிடாதே என்கிறார். இதில் முதலில் இருந்ததே என் தலைதானே?

செக்ரட்டரியின் வீட்டுக்குப் போனேன். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், குரலே உயராது. காபி கொடுத்தார். பார்லர் கொடுக்கும் வாடகையில்தான் லிஃப்டும் ஜெனரேட்டரும் பழுதில்லாமல் ஓடுகின்றன என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். குடியிருப்பவர்கள் வருவது குறைந்துவிட்டது, இப்படியே போனால் காலி செய்துவிடுவோம் என்று பார்லர்காரர்கள் சொல்கிறார்களாம். அதாவது லிஃப்ட் ஓட வேண்டுமென்றால் நாங்கள் கீழே போய் ஸ்பா செய்துகொள்ள வேண்டும். கேட்டே விட்டேன். அவர் சிரித்தார்.

"மேடம் எதுக்கு டென்ஷன் ஆகணும்? நீங்க ஓனர். உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது. அவங்க வாடகைக்கு இருக்கறவங்கதானே."

அந்த 'தானே' இருக்கிறதே... காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். இப்படி எழுவது எனக்கு இப்போது பழகிவிட்டது.

அடுத்த வாரம் பொதுக்குழு. முடி வெட்டிக்கொண்ட ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், கட்டாயம் வாருங்கள் என்று கூப்பிட்டேன். அப்போதுதான் மனிதர்களைத் தெரிந்தது. ஒருத்தி அன்றைக்குக் கல்யாணம் இருக்கிறது என்றாள். ஒருத்தி கதவைப் பாதி திறந்து, "வம்பு வேண்டாம், நாமெல்லாம் ஒரே இடத்தில இருக்கணுமில்லையா" என்றாள். என் பால்கனியில் உட்கார்ந்து மூன்று டீ குடித்தவள் அவள். பாங்க் மானேஜர் மட்டும் யோசிக்காமல், வருகிறேன் என்றார்.

ஷைனியை வரவே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நான் பேசிக்கொள்கிறேன் என்று.

பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் ஆரம்பித்தது. 'குடியிருப்புக்குள் வணிக நடவடிக்கை' என்று செக்ரட்டரி வாசித்தார். எழுந்தேன். இது நடந்தது என் வீட்டில், நடவடிக்கை எடுப்பதென்றால் முதலில் என் மேல் எடுங்கள் என்றேன். இங்கே யாராவது ஒரு ரூபாய் கொடுத்தீர்களா என்று கேட்டேன். பாங்க் மானேஜர் எழுந்து, தான் கொடுத்ததாகவும் அது திரும்பி வந்துவிட்டதாகவும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். மற்றவர்கள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செக்ரட்டரி விடவில்லை. காசு பெரிதில்லை, தொழில் தொழில்தான், இன்றைக்கு ஒருவரை அனுமதித்தால் நாளைக்கு எல்லோரும் ஆரம்பிப்பார்கள் என்றார். பேச வேண்டிய இடத்தில்தான் எப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, இல்லையா?

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஷைனி. டியூட்டியிலிருந்து நேரே வந்து தூணோரம் நின்றிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை.

"எனக்கு ஒரு காரியம் கேக்கணும். இந்த பில்டிங்ல எத்தனை வீட்டுக்கு நான் வந்து இன்ஜெக்ஷன் போட்டிருக்கேன்? எத்தனை பேருக்கு பி.பி. பாத்திருக்கேன்? டியூட்டி முடிஞ்சு வந்து, சோறு வச்ச கையைக் கழுவிட்டு ஓடி வந்திருக்கேன். அப்போ யாரும் இதை வணிகம்னு சொல்லலை. ஊசி பிடிச்ச இதே கைதான் கத்தரியும் பிடிச்சது. ஊசி உங்களுக்கு வேணும். கத்தரி பிடிச்சா வீட்டை விட்டுப் போகணுமா?"

கத்தவில்லை. வார்டில் ஒரு நோயாளியிடம் மருந்து வேளையைச் சொல்வதுபோலச் சொன்னாள். ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். முன் வரிசையில் செக்ரட்டரியின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். வாரா வாரம் ஷைனியிடம் ஊசி போட்டுக்கொள்கிறவர் அவர்.

பிரசிடெண்ட் தொண்டையைச் செருமி, சரி, இதை இத்தோடு விடலாம், அடுத்து தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது பற்றி என்று ஆரம்பித்தார். எனக்கு நாக்கு திரும்பி வந்துவிட்டது. இத்தோடு விட்டால் எப்படி? மஸ்கட்டுக்குப் போன புகாரை யார் திரும்ப வாங்குவது? செக்ரட்டரி நாளைக்குப் பேசுவதாகச் சொன்னார். இப்போதே, இங்கேயே, ஸ்பீக்கரில் பேசுங்கள் என்றேன். பாங்க் மானேஜர் ஆமாம் என்றார். கல்யாணத்துக்குப் போவதாகச் சொன்னவள் கடைசி வரிசையிலிருந்து ஆமாம் என்றாள். அதன் பிறகு எத்தனை ஆமாம் என்று எண்ணவில்லை.

செக்ரட்டரி பேசினார். தவறான தகவல், அந்த வீட்டால் ஒரு தொந்தரவும் இல்லை என்று அவர் வாயாலேயே சொன்னார். மறுமுனையில் ஓனர், அப்படியானால் எனக்கென்ன, இருக்கட்டும் என்று வைத்துவிட்டார். ஷைனி யாரையும் பார்க்கவில்லை. நேராகப் படியேறிப் போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தால், சமையலறையில் குழந்தைகளுக்கு தோசை ஊற்றிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் தோசைக் கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

ஒன்று யோசித்தேன் அன்றைக்கு. ஒரு பெண் தனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்கு இலவசமாகச் செய்தால் அது நல்ல மனசு. அதே இலவசத்தால் ஒரு கடைக்காரரின் கல்லா குறைந்தால் மட்டும் குற்றம். இந்தச் சட்டத்தை யார் எழுதினார்கள்? எழுதியவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பால்கனிக்கு அனுப்பிவையுங்கள்.

இப்போது கீழே பார்லர் வாசலில் புதிதாக ஒரு பலகை தொங்குகிறது. இங்கே குடியிருப்பவர்களுக்குச் சிறப்புச் சலுகையாம். ஷாம்பூ கட்டாயமில்லையாம். என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்ததும் வராததுமாக அந்தச் செய்தியைச் சொன்னார்.

"இப்பம்தான் கொறச்சாச்சுல்லா. இனி அங்கயே போலாம்லா?"

அவர்கள் விலையைக் குறைத்துக்கொள்ளட்டும். முடியை நாங்களே குறைத்துக்கொள்கிறோம்.