இன்ஜினுக்கும் வண்டிக்கும் நடுவே

எழுதுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை. பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கரும்பு ரயிலைப் பற்றி இப்போது பேசுகிறவர்கள் எல்லாரும் அது ஏதோ திருவிழா ராட்டினம் மாதிரி பேசுகிறார்கள். அது பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

நானும் அண்ணனும் பிறந்தது மைசூர் பக்கம், ஒரு சர்க்கரை ஆலையின் தொழிலாளர் லைன் வீட்டில். அப்பா தமிழ்நாட்டிலிருந்து அந்த வேலைக்கு வந்தவர். வயல்களிலிருந்து கரும்பு கொண்டுவர இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஒரு சின்ன ரயில் ஓடியது. அரவைக் காலம் வந்துவிட்டால் அதற்கு ராத்திரி பகல் கிடையாது. ரயில் விடுவதற்கு முன்னால் மாட்டு வண்டியில் வரும் கரும்பு வழியிலேயே காய்ந்துவிடுமாம். ரயில் வந்தபின் வெட்டிய ஈரத்தோடு வந்து சேர்ந்தது. ஆலை பெருத்தது. லைன் இன்னும் பல ஊர்களுக்கு நீண்டது. ரயிலில் வேலை என்றால் பெண் கொடுக்க முன்வருவார்கள். என் அண்ணனுக்கும் அப்படித்தான் கல்யாணம் ஆனது. வண்டிகளைக் கொக்கி மாட்டி இணைக்கிற வேலை அவருக்கு.

பிறகு லாரியும் டிராக்டரும் வந்தன. வயலுக்குள்ளேயே போய் ஏற்றிக்கொண்டன. லைனைப் பிடுங்கிவிட முடிவு செய்தார்கள். பிடுங்குகிற வேலையையும் ரயில்காரர்களுக்கே கொடுத்தார்கள், தினக்கூலிக்கு. கடைசி ஊரில் தொடங்கி, பிடுங்கிய தண்டவாளத்தை அதே ரயிலில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். அடுத்த நாள் ரயில் போகும் தூரம் அவ்வளவு குறைந்திருக்கும். மெதுவாகப் பிடுங்கினால் இன்னும் கொஞ்ச நாள் சோறு கிடைக்கும் என்று மெதுவாகவே பிடுங்கினார்கள். அது தெரிந்ததும் மேலிடத்தில் கேஸ் கட்டரோடு வேறு ஆட்களை இறக்கிவிட்டார்கள்.

அண்ணன் பெங்களூர் வந்து அபார்ட்மெண்ட் வாசல்களில் செக்யூரிட்டியாக நின்றார். அண்ணி காலமானார். வயசாகிவிட்டது என்று அந்த வேலையும் போனது. பெங்களூர் ஓரத்தில், சந்தாபுராவில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் சாப்பாட்டு நேரம் பார்த்து, "மச்சான், இன்னிக்கு எந்த ஸ்டேஷன்ல டியூட்டி?" என்று கேட்பார். அண்ணன் சிரித்துக்கொண்டே பாதித் தட்டில் எழுந்துவிடுவார்.

நான் ஓசூர் ரோட்டில் ஒரு கார்டன் ரெஸ்டாரண்டில் பாத்திரம் கழுவுகிறேன். முதலாளி எங்கிருந்தோ ஒரு பழைய கரும்பு இன்ஜினையும் ஒரு வண்டியையும் வாங்கிவந்து, பெயிண்ட் அடித்து, புல்தரையில் நிறுத்தினார். பக்கத்தில் தொப்பி போட்டு நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது, நானாகப் போய்க் கேட்டேன். என் அண்ணன் இந்த மாதிரி ரயிலிலேயே வேலை செய்தவர் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டிவா, ஒரு நாள் பார்க்கலாம் என்றார். இந்த வேலை கிடைத்தால் அண்ணன் என் வீட்டில் வயிறாரச் சாப்பிடலாம். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மத்தியானம் வரை நன்றாகத்தான் போனது. அண்ணன் விசில் ஊதினார். வந்தவர்கள் அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. அந்தப் பெண் இன்ஜினுக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நுழைந்து, கொக்கிமேல் சாய்ந்து நின்றாள். புருஷன் போனைத் தூக்கினான். அண்ணன் பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

சத்தம் கேட்டு நான் ஈரக் கையோடு ஓடினேன். புருஷன் அண்ணனின் சட்டையைப் பிடித்திருந்தான். இந்த வயசில் உனக்குப் பொம்பளை கை கேட்கிறதா என்று கன்னடத்தில் கத்தினான். சுற்றி நின்றவர்கள் படம் பிடித்தார்கள். இது ஓடாத இன்ஜின், கான்கிரீட்டில் நட்டது, எதற்கு அவளைத் தொட்டாய் என்று மேனேஜர் கேட்டார். அண்ணனுக்குக் கன்னடம் நன்றாக வரும். ஆனால் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"ஓடாதுன்னுதான் பாப்பா அவனும் நின்னான்."

அவன் என்றது, அண்ணனோடு கொக்கி மாட்டிக்கொண்டிருந்தவர். நின்றிருந்த வண்டிகளுக்கு நடுவே பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து இன்ஜின் வந்து இடித்தது. அவரை வெளியே எடுத்தது அண்ணன்தான். அதை நான் மேனேஜரிடம் சொன்னேன். அத்தனை பேர் முன்னால், கன்னடத்தில், முழுவதையும் சொன்னேன். அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள். நல்லாக் கதை கட்டுகிறாள் என்றான் புருஷன். சாப்பிட வருகிற இடத்தில் சாவைப் பற்றிப் பேசுகிறாயே என்று மேனேஜர் என்னைத் திட்டினார். அண்ணன் தானாகவே தொப்பியைக் கழற்றி இன்ஜின் படியில் வைத்துவிட்டு நடந்தார்.

என் வேலை முடியும்வரை கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். பஸ்ஸில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவனைப் பத்தி இவங்ககிட்ட எதுக்குச் சொன்னே?"



மறுநாள் நான் வழக்கம்போல வேலைக்குப் போனேன். இன்ஜினுக்கும் வண்டிக்கும் நடுவே 'செல்ஃபி பாயிண்ட்' என்று போர்டு வைத்திருந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் இல்லை. ஓசூரில் ஏதோ கம்பெனி வாசலில் நிற்க ஆள் எடுக்கிறார்களாம், தங்க இடம் தருகிறார்களாம், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று வீட்டுக்காரர் சொன்னார்.