வெர்னாவின் நிமிடக் கணக்கு

வெர்னா ஸ்கோக்லண்ட் அளந்து கொடுப்பதில் யாரையும் ஏமாற்றியதில்லை. சோள வயல்களுக்கு நடுவே, நெடுஞ்சாலையோரம், இருபத்தாறு வருடம் பெட்ரோல் பங்க் நடத்தியவள். புறவழிச்சாலை வந்து பங்க் படுத்துவிட்டது. மிஞ்சியது பக்கத்திலிருந்த சாப்பாட்டுக் கடை. அதையாவது காப்பாற்றத்தான் கடன் வாங்கி மின்சார கார்களுக்கு சார்ஜர் வைத்தாள். சார்ஜ் ஏறும் வரை ஓட்டி வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்களே! பெட்ரோலுக்கு எழுதிய அதே பெரிய பலகையில், யூனிட்டுக்கு இவ்வளவு என்று எழுதிப் போட்டாள். அவள் செய்த குற்றம் அதுதான்.

மின் கம்பெனி புகார் கொடுத்தது. யூனிட் கணக்கில் பொதுமக்களுக்கு மின்சாரம் விற்பவர் எவரும் சட்டப்படி ஒரு மின் கம்பெனி, அந்த வட்டாரத்தில் விற்கும் உரிமையோ ஒரே கம்பெனிக்குத்தான் என்று மாநில மின்சார ஆணையம் கடிதம் அனுப்பியது. ஒரு சாப்பாட்டுக் கடைக்காரியை மின் கம்பெனி என்று சொல்ல அவர்களுக்கு வாய் கூசவில்லை.

ஆணையத்தின் விசாரணையில் கம்பெனி வக்கீல் பிளெசிங்கர் பல்லைக் காட்டினார்.

“மூடச் சொல்லலையே மேடம். நிமிஷக் கணக்குல வாங்குங்க. வண்டி நிக்கிற இடத்துக்கு வாடகை மாதிரி. சட்டம் தடுக்காது.”

“புது வண்டி கரண்ட்டைக் கடகடன்னு இழுக்கும். பழசு சொட்டுச் சொட்டா இழுக்கும். ரெண்டுக்கும் ஒரே காசுன்னா அதுக்குப் பேரு என்னய்யா?”

“சட்டம்னுதான் பேரு.”

வேறு வழியில்லாமல் பலகையை மாற்றினாள். ஜனவரிக் குளிரில், வீடு வீடாகப் போகும் நர்ஸ் கோரின் தன் பழைய குட்டிக் காரைக் கொண்டுவந்து மாட்டினாள். உறைந்த பேட்டரியில் சார்ஜ் நத்தை வேகத்தில் ஏறியது. அடுத்து நின்ற பெரிய புது வண்டி அரை மணியில் நிரம்பிக் கிளம்பியது. கோரினுக்கு இரண்டு மணி நேரம் ஆனது, பில் அந்தப் பெரிய வண்டியைப் போல நான்கு மடங்கு.

“திருடி!” கடை முழுக்கக் கேட்கக் கத்தினாள் கோரின்.

“கம்பெனிக்காரன்தான் இப்படி வாங்கச் சொன்னான்டி.”

“மெஷின் உன்னுது. காசு வாங்குன கையும் உன்னுது.”

வெர்னாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. வெர்னா திருடி என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவ ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

வசந்தத்தில் எதிர்ச்சாரியில் மின் கம்பெனி தானே சார்ஜர் நிலையம் திறந்தது. யூனிட் விலைதான். அவர்கள் மின் கம்பெனி ஆயிற்றே, சட்டம் ஏன் தடுக்கப் போகிறது? முதல் வண்டி கோரினுடையது.

திறப்பு விழா முடிந்ததும் பிளெசிங்கர் சாலையைக் கடந்து வந்து காபி கேட்டார். வெர்னா கோப்பையை வைத்தாள். பக்கத்திலேயே அடுப்படிக் கடிகாரத்தையும் வைத்தாள்.

“நிமிஷத்துக்கு ரெண்டு டாலர்.”

“காபிக்கா?”

“காபி சும்மா. நீங்க உக்கார்ற இடத்துக்கு வாடகை. சட்டம் தடுக்காது.”

அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

“இப்படிக் கேட்டா எவன் மேடம் வருவான் உங்க கடைக்கு?”

“எவனும் வரலய்யா. திரும்பிப் பாரு.”

பதினோரு மேசைகளில் அவர் உட்கார்ந்திருந்த ஒன்றைத் தவிர எல்லாம் காலியாகக் கிடந்தன.