இடது பக்கம் என்னுடையது

சிவப்பு ரப்பர் வளையம் அது. டிசம்பர் காலைகளில் கல்லாய் இறுகிவிடும். தலைநகரில், கோல் மார்க்கெட் அரசு குவார்ட்டர்ஸ் புல்தரையில், எதிரில் நிற்கும் ஆளே தெரியாத மூடுபனியில், எங்கள் அலுவலக டைப்பிஸ்ட் அக்காவும் நானும் அதை வீசிப் பிடிப்போம். மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் கண்ணில் படும். கொஞ்சம் அசந்தால் பல் போய்விடும். வெயில் வந்ததும் துணிக்கொடியில் கம்பளியைத் தொங்கவிட்டு, மறைவிலிருந்து வீசுவோம். பிறகு ஆளுக்கொரு வளையம், ஒரே நேரத்தில் வீசி ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.

எனக்கு அது விளையாட்டு. அக்காவுக்குப் பிழைப்பு. பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த அவருக்குத் தற்காலிக வேலைதான். அலுவலகங்களுக்கு இடையிலான டென்னிகாய்ட் வளையப்பந்து இரட்டையர் போட்டியில் ஜெயித்தால் நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வதாக எங்கள் அதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார். அது எண்பதுகளின் தொடக்கம். ஆடி ஆடி எங்கள் கால்களுக்கே ஒரு பாகப்பிரிவினை பழகிவிட்டது. இடது பக்கம் வருவது என்னுடையது, வலது பக்கம் அவருடையது. வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளத் தேவையே இருந்ததில்லை. அப்படியே இறுதிப் போட்டிவரை வந்துவிட்டோம்.

அன்று காலை அதிகாரி எங்களைப் பார்த்து, "தோனோ மத்ராஸி?" என்று, இரண்டு பேருமே மதராஸியா என்கிற மாதிரி சிரித்தார். மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார், படம் எடுப்பார்கள், அதில் பாரதம் முழுவதும் தெரிய வேண்டாமா என்றார். என்னை உட்காரவைத்துவிட்டு, ஒரு பஞ்சாபிப் பெண்ணை அக்காவோடு நிறுத்தினார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே ஆடினாள். ஆனால் ஜோடி என்பது என்ன, வரவேற்பறை நாற்காலியா? ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட இந்த மனிதருக்கு எப்படி மனம் வந்தது?

கடைசிப் புள்ளியில் வளையம் அக்காவின் இடது பக்கம் வந்தது. கைக்கெட்டும் தூரம்தான். அவர் அசையவில்லை. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நான் எழுந்து கையை நீட்டிவிட்டேன். வளையம் தரையில் விழுந்தது.

"ரிஃப்ளெக்ஸ் போதாது" என்று அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். சிபாரிசும் போயிற்று. அந்தக் கோடையிலேயே அக்காவை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவருடைய ரிஃப்ளெக்ஸைப் பற்றிப் பேச அந்த ஆளுக்கு என்ன யோக்கியதை இருந்தது? ஒரு நாளாவது அந்தப் பனியில் வந்து நின்றாரா?

இப்போது எங்கள் காலனிப் பூங்காவில் பிக்கிள்பால் ஆடுகிறார்கள். பயிற்சியாளர் இருவர் இருவராக நிறுத்தி, பந்தை மாற்றி மாற்றி அடிக்க வைக்கிறார். ஜோடியை மாற்றாதீர்கள் என்று அவர் கத்தும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. போன வாரம் ஊருக்கு போன் போட்டு அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். அவருக்குக் கோபமே இல்லை. அதுவே என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

"கைக்கெட்டுற தூரம்தானே அக்கா, நீங்களே பிடிச்சிருக்கலாமே? வேலையாவது தங்கியிருக்குமே" என்றேன்.

"ஏட்டி, அது ஒன் எடம்லா" என்றார். "நீ வருவேன்னுதான் நின்னேன்."