தனகோட்டி அக்கா கேட்ட தகர மறைப்பு

மீன்காரம்மா கூடையை இறக்குவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்: "தனகோட்டி காலையில செத்துட்டாளாம்மே." நான் நம்பவில்லை. முந்தின நாள்தான் என் வாசலில் நின்று, "இன்னாடி, பவர் அவுஸ மூடியும் ஒன் மூஞ்சி கரியாவே கீது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பதிலுக்கு நான் சொல்ல வைத்திருந்தது வாயிலேயே நிற்கிறது.

ஆற்றங்கரை பவர் ஹவுஸில் கரி சுமந்த உங்களுக்கெல்லாம் அக்காவைத் தெரியும். தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். துறைமுகத்தில் இறங்கிய கரி படகில் வரும். பலகை மேல் ஏறி இறங்கி, கூடை கூடையாகச் சுமந்து பாய்லர் பக்கம் கொட்டுவோம். அது எரிந்து வந்த கரண்டில்தான் பட்டணத்தில் டிராம் ஓடியது. எங்கள் கூட்டத்துக்கு அக்காதான் மேஸ்திரி.

இயந்திரத்தைக் குளிரவைத்த தண்ணீர் சூடாக ஒரு குழாய் வழியே ஆற்றில் விழும். வேலை முடிந்ததும் அங்கேதான் எங்கள் குளியல். வீட்டில் வெந்நீர் போட விறகு ஏது? ஆனால் எதிரே படகுக்காரர்கள். அதனால் இரண்டு பேர் புடவையை விரித்துப் பிடிப்பார்கள், மற்றவர்கள் குளிப்போம். ஒரு முனை எப்போதும் அக்கா கையில். எட்டிப் பார்க்கிறவனை, "இன்னா நைனா, கண்ணுல கரி வுழுந்துச்சா? வா, கூடையோட கொட்றேன்" என்பாள். அவள் முறை வருவதற்குள் அடுத்த படகு வந்து, மேஸ்திரி என்று அவளை மட்டும் கூப்பிட்டுவிடுவார்கள். கரி முகத்தோடே வீட்டுக்குப் போவாள்.

நாலு தகரம் வைத்து ஒரு மறைப்பு. அவள் கேட்டது அவ்வளவுதான். சண்டைக் காலத்தில் குண்டு விழும் என்று ஊரே மூட்டை கட்டி ஓடியபோது, பெரிய துரை எங்களிடம் வந்து, போகாதீர்கள், பாய்லர் நின்றுவிடும் என்றார். "நாங்க கீறோம் தொரை. மறைப்பு?" என்றாள் அக்கா. அவர் ஏதோ சொல்ல, குமாஸ்தா "பாக்கலாம்" என்று தமிழாக்கினார். நாங்கள் இருந்தோம். பிறகு சுதந்திரம் வந்தது. அதே நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்தார். அவருக்குக் குமாஸ்தா தேவைப்படவில்லை. நேராகவே "பாக்கலாம்" என்றார்.

"தொரை கப்பல் ஏறிட்டான்டி. 'பாக்கலாம்' மட்டும் ஏறல" என்றாள் அக்கா. அன்று சிரித்தோம். இப்போது பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

கடைசியில் தகரம் வந்தது. கதவு, தாழ்ப்பாள் எல்லாம் வைத்து நன்றாகத்தான் அடித்தார்கள். அடுத்த வாரமே பாய்லரை அணைத்துவிட்டார்கள். நம்முடையது பழசாம், கரண்டு வேறு இடத்திலிருந்து வருகிறதாம். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மறைப்பு வந்துடுச்சே, போய்க் குளி அக்கா" என்று கேலி செய்தேன். அக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள். "தாப்பா நல்லா கீதுடி" என்றாள்.

செத்த அன்று அவளைக் குளிப்பாட்டத் தெருவில் பெஞ்சு போட்டார்கள். சுற்றிப் பிடிக்கப் புடவை கேட்டார்கள். "புடவையும் வாணாம், ஒண்ணும் வாணாம். தூக்குங்கய்யா ஆத்தங்கரைக்கு" என்று கத்தினேன். வீட்டுக்கு வீடு வெந்நீர் போட்டுக் குடம் குடமாகத் தலையில் சுமந்தோம், கூடை சுமந்த அதே பெண்கள். தகரத்துக்குள்ளே தாழ்ப்பாள் போட்டு, அவசரமே இல்லாமல் அவளைக் குளிப்பாட்டினோம். காது மடிப்பில் இருந்த கரி மட்டும் போகவில்லை. அதை விட்டுவிட்டோம்.

இப்போது பழைய இரும்பு எடுக்க லாரி வந்திருக்கிறது. தகரத்தையும் பிரிப்பார்களாம். அக்கா பிடித்திருந்த முனை இனி என் கையில்தான். நேற்று கதவை மறித்து நின்றேன். "நவுரும்மா, பிரிக்கணும்" என்றார் கான்ட்ராக்டர்.

"பாக்கலாம்" என்றேன்.